உங்களுக்குத் தெரியுமா? ஒரே சஹன், வேறு வேறு வயிறு

இலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களிலே சஹன் என்னும் ஒரு பெருந்தட்டைச் சூழ்ந்தமர்ந்து ஒரே உணவைப் பகிர்ந்துண்போருடைய தேகங்கள் அவ்வுணவை ஒரே விதமாக ஏற்பதில்லை. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிப்பிக்கும் நொதி பால்யத்துக்குப் பின் பலருக்குக் குறைந்துவிடுவதால், பால் குடித்தால் வயிறு பொருமும் ஒருவர், உறையும்போதே அச்சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் புளிப்பாக்கிவிட்ட எருமைத் தயிரைச் சுகமாக உண்ணக்கூடும்.

கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதமோ அவ்வளவு இணக்கமுடையதன்று. அதனை ஏற்காத சீலியாக் நோயாளருக்கு, நாள்தோறும் சேரும் சிறு ரொட்டித் துணுக்குகளே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கப் போதுமானவை. இந்நோய்க்கு ஏதுவான மரபணு பல சமூகங்களில் 100 பேரில் 30 பேருக்கு மேல் இருந்தும், நோய் காண்பது ஏறத்தாழ ஒருவருக்கே என்பது வைத்திய சாஸ்திரத்தின் பெரும் விந்தை! இந்நோயைத் தூண்டுவது கோதுமையே என்பதை ஒல்லாந்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே 1950இல் தமது ஆய்வேட்டில் நிறுவினார்.

சீலியாக் நோயாளர் நோன்பு துறக்கையில் பேரீச்சம்பழமும் அரிசிக் கஞ்சியும் தாராளமாக உண்ணலாம். பெட்டிஸும் சமோசாவும் ஆகா. பிட்டிலும் கோதுமை மா கலப்பது வழக்கமாதலால், அவர்கள் விசாரித்தறிந்து உண்பதைச் சமைத்தவர் அவமரியாதையாகக் கருதலாகாது.