கவுன்சலிங் குறுகிய காலப் பயிற்சி: சேரலாமா, வேண்டாமா?



நம் சங்கத்து மகளிர் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "மூன்று மாதக் கவுன்சலிங் கோர்ஸ் என்று நோட்டீஸ் வந்திருக்கிறதே, சேரலாமா?" என்பதுதான் அது. பிள்ளைகள் வெளியூர் போன பின் வீட்டில் தனித்திருப்பவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், பள்ளி ஆசிரியைகள் எனப் பலருக்கும் இந்த ஆசை இருக்கிறது. எனக்கும் இருந்தது. தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்று விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜில் வசிக்கும் எனக்கு, யோக நரசிம்மர் கோயில் வாசலிலும் காய்கறிக் கடையிலும் நிறுத்தி வைத்து மனக்குறையைச் சொல்பவர்கள் ஏராளம். "நீங்கள் முறையாகப் படித்தால் என்ன?" என்று சிலர் கேட்கவே, இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டில் "கவுன்சலிங்" என்றால் முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரி சீட்டுதான்! நாம் பேசப் போவது மனக்கவலைக்கு உதவும் கவுன்சலிங். தமிழில் இதை "உளவள ஆலோசனை" என்கிறோம். இலங்கைத் தமிழர் "உளவளத்துணை" என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல் "ஆற்றுப்படுத்துதல்". பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை என்பது நமக்குத் தெரியும். வழி தெரிந்த ஒருவர், வழி தெரியாமல் வருந்தும் இன்னொருவருக்குப் பாதையைச் சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. நடக்க வேண்டியவர் அவரேதான். கவுன்சலிங்கும் ஏறக்குறைய இப்படித்தான்.

மனவியல் நம் மைசூருக்குப் புதிதல்ல. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924-லேயே மனவியல் துறை தொடங்கப்பட்டது. அத்துறையின் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமிதான் 1935-ல் இதே ஊரில் தம் வீட்டிலிருந்து "ஆகாசவாணி" என்ற வானொலி நிலையத்தை நடத்தியவர். பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் கலைக்கும் வானொலிக்கும் நம் ஊரில் இப்படி ஓர் உறவு!

என்ன கற்பிக்கிறார்கள்?

குறுகிய காலப் பயிற்சி என்பது வார இறுதி வகுப்பிலிருந்து ஆறு மாதம் வரை பலவிதமாக இருக்கிறது. எதில் சேர்ந்தாலும் முதல் பாடம் "கேட்பது" என்பதே. அமெரிக்க மனவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் வலியுறுத்திய பண்புகளில் மூன்று இன்றும் பாடமாக இருக்கின்றன. எதிரில் இருப்பவரின் உணர்வை அவர் இடத்திலிருந்து புரிந்துகொள்வது, எந்த நிபந்தனையும் இல்லாமல் அவரை மதிப்பது, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருப்பது ஆகியவையே அவை.

எளிதாகத் தோன்றும். ஆனால் நாம் அறிவுரை சொல்லியே பழகியவர்கள். ஒரு மருமகள் வந்து, "மாமியார் என்னோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது ஆன்ட்டி" என்கிறாள். "கொஞ்சம் அனுசரித்துப் போம்மா, எல்லா வீட்டிலும் உள்ளதுதான்" என்போம். அதோடு அவள் பேச்சு நின்றுவிடும். பயிற்சி பெற்றவர் அப்படிச் சொல்ல மாட்டார். "இரண்டு மாதமாக ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருப்பது உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். அவள் மேலே பேசுவாள். பேசப் பேசத் தானே ஒரு வழியைக் காண்பாள்.

அடுத்த பாடம் இரகசியம் காப்பது. அதற்கும் எல்லை உண்டு. ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே சத்தியம் செய்து கொடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

சான்றிதழ் வாங்கினால் கவுன்சலர் ஆகிவிடலாமா?

இங்கேதான் கவனம் தேவை. எனக்குக் கிடைத்த நோட்டீஸ் ஒன்றில், 48 மணி நேர வகுப்பு முடிந்ததும் "சொந்தமாக கிளினிக் தொடங்கலாம்" என்று இருந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல மருத்துவர், பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் முதலியோரையே மனநலத் தொழிலராக ஏற்கிறது. குறுகிய காலச் சான்றிதழ் பெற்றவர் அந்தப் பட்டியலில் இல்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய தேசிய ஆணையச் சட்டம் சிலவகைக் கவுன்சலர்களையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. ஆனால் அச்சட்டப்படி துணை நிலைத் தொழிலருக்கு 2,000 மணி நேரத்துக்கும், முழு நிலைத் தொழிலருக்கு 3,600 மணி நேரத்துக்கும் குறையாத படிப்பு வேண்டும். 48 எங்கே, 2,000 எங்கே? ஆகவே தொழிலாகச் செய்ய விரும்புபவர்கள் மனவியலில் பட்டமும் முதுகலைப் பட்டமும் படிப்பதே முறை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கவுன்சலிங்கும் குடும்ப சிகிச்சையும் சேர்ந்த முதுநிலைப் படிப்பையே வகுத்திருக்கிறது.

அப்படியானால் சிறு பயிற்சியால் பயனே இல்லையா?

பயன் உண்டு, அதற்கு நல்ல சான்றுகளும் உண்டு. நம் கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில் 1980-களில் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஒரு திட்டம் நடத்தியது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் குறுகிய பயிற்சி கொடுத்து, மனநோயை அடையாளம் காணவும் கவனிக்கவும் செய்தார்கள். 1996-ல் தொடங்கிய தேசிய அளவிலான மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அதுவே முன்மாதிரி ஆயிற்று.

கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. மனநலத் துறையில் முன்படிப்பு இல்லாத சாதாரண மனிதர்களுக்கு மூன்று வார வகுப்பு நடத்தி, பின் ஆறு மாதம் மேற்பார்வையில் பழக்கினார்கள். கடும் மனச்சோர்வு உள்ளவர்களை அவர்கள் ஆறு முதல் எட்டு முறை சந்தித்துப் பேசினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகக் குணம் தெரிந்தது. "லான்செட்" மருத்துவ இதழில் 2017-ல் இது வெளியாயிற்று.

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய "ஸ்நேகா" அமைப்பிலும், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களிடம் பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்களே. தொண்டர்கள் தங்களை மருத்துவர் என்று சொல்லிக்கொள்வதில்லை. தோழமையோடு கேட்பவர் என்றே சொல்கிறார்கள்.

இவற்றில் பொதுவாக உள்ளதைக் கவனியுங்கள். வேலை இன்னது என்று வரையறுத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்றவரைத் தனியே விடாமல், பின்னால் நின்று பார்க்க ஆள் வைத்திருக்கிறார்கள். சிறு பயிற்சி பலன் தருவது இந்த ஏற்பாட்டினால்தான்.

எங்கே நிறுத்துவது?

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம். மருமகளுக்குப் பிரசவமாகி மூன்று மாதம். ஓயாத அழுகை, தூக்கமில்லை, குழந்தையைத் தூக்கவே மனமில்லை. திருஷ்டி என்றார் ஒருவர், "பிள்ளை பெற்றவள் அழலாமா?" என்று கடிந்துகொண்டார் இன்னொருவர். நான் போய் உட்கார்ந்து கேட்டேன். அரை மணி கழித்து, "நான் இல்லாவிட்டால் குழந்தை நன்றாக இருக்கும்" என்றாள். அவளிடம் சொல்லிவிட்டே அவள் கணவரை அழைத்தேன். மறுநாளே மனநல மருத்துவரிடம் போனார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்றார் மருத்துவர். மருந்தும் ஆலோசனையும் சேர்ந்து நான்கைந்து மாதத்தில் தேறிவிட்டாள். இப்போது குழந்தையோடு நம் பொங்கல் விழாவுக்கு வருகிறாள்.

அன்று அந்த ஒரு வாக்கியத்தை "அலுப்பில் சொல்கிறாள்" என்று தள்ளிவிடுவது எளிது. பேச்சால் ஆறும் துயரம் எது, மருத்துவரிடம் போக வேண்டிய நோய் எது என்று பிரித்தறிவது ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நல்ல குறுகிய காலப் பயிற்சி இதைத்தான் முக்கியமாகச் சொல்லித்தர வேண்டும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

1. பாடம் நடத்துபவர்களின் படிப்பு என்ன? அவர்கள் இன்றும் நேரடியாகக் கவுன்சலிங் செய்கிறார்களா?
2. ஒருவரோடொருவர் பேசிப் பழகும் பயிற்சி எத்தனை மணி நேரம்? வெறும் சொற்பொழிவா?
3. வகுப்பு முடிந்த பிறகும் சந்தேகம் கேட்க மேற்பார்வையாளர் உண்டா?
4. எப்போது, யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதற்குத் தனிப் பாடம் இருக்கிறதா?
5. சான்றிதழைக் கொண்டு என்ன செய்யக் கூடாது என்று எழுத்தில் சொல்கிறார்களா? "கிளினிக் வைக்கலாம்" என்பவர்களிடம் பணம் கட்ட வேண்டாம்.
6. எந்த மொழியில் பயிற்சி? ஆங்கிலத்தில் படித்துவிட்டு, கன்னடத்திலும் தமிழிலும் அழுகிறவரிடம் பேச வேண்டியிருக்கும். "மனசு பாரமாக இருக்கிறது", "நெஞ்சு அடைக்கிறது" என்று நம்மவர் சொல்வதன் பொருள் பாடப்புத்தகத்தில் இராது.

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டதை வீட்டில்கூடச் சொல்லாமல் இருக்க முடியுமா? நம் சொந்த ஆறாத துயரம் அண்மையில் நடந்ததா? அப்படியானால் ஓராண்டு பொறுப்பது நல்லது. பொழுது போகவில்லை என்பதற்காக மட்டும் சேருகிறோம் என்றால், அதற்கு வேறு நல்ல வகுப்புகள் உண்டு.

என் முடிவு

நான் சேர்ந்திருக்கிறேன். மேலே சொன்ன ஆறு கேள்விகளுக்கும் ஓரளவு திருப்தியான பதில் கிடைத்த, வாரம் இரண்டு நாள் வகுப்பு. முடித்த பின் வாசலில் போர்டு மாட்டப் போவதில்லை. காசு வாங்கப் போவதுமில்லை. காது கொடுத்துக் கேட்பேன். என் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று தெரிந்தால் உரியவரிடம் கூடவே போய் விட்டு வருவேன். அந்த அளவுக்கு உதவ இப்பயிற்சி போதும் என்பது என் கருத்து.

பயிற்சியில் சேராதவர்களும் ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய "டெலி மானஸ்" இலவசத் தொலைபேசிச் சேவை இது. இரவு பகல் எந்நேரமும் கன்னடம், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பேசலாம். உங்கள் வீட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில், கேஸ் கம்பெனி எண்ணுக்கு மேலே இதை எழுதி ஒட்டுங்கள்.