கத்திரி வெயிலில் கைபேசி

கைபேசி தன் மின்கலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் மின்னாற்றலில், திரையின் ஒளியாகவும் ஒலியாகவும் வானலையாகவும் வெளியேறும் சிறு பங்கு போக, மற்றதெல்லாம் இறுதியில் வெப்பமாகவே முடிகிறது. ஆகவே கைபேசி சூடாவது தன்னளவில் பழுதின் அறிகுறி அன்று. பிறக்கும் வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதே கவனிக்க வேண்டியது. மடிக்கணினியில் இதற்கென விசிறி சுழல்கிறது. கைபேசியிலோ விசிறிக்கு இடமில்லை. சில்லில் எழும் வெப்பத்தை மெல்லிய கிராஃபைட் தாள்கள் முதுகுப்புறம் முழுவதற்கும் பரப்புகின்றன. விலை மிகுந்த கைபேசிகளில், உள்ளிருக்கும் சில துளி நீர்மம் சூடான முனையில் ஆவியாகி மறுமுனையில் குளிர்ந்து திரும்பும்படி அமைந்த தட்டையான உலோகப் பெட்டி ஒன்று அப்பணியைச் செய்கிறது. இதனை ஆவி அறை என்பர். இவையெல்லாம் வெப்பத்தைப் பரப்புகின்றனவே தவிர அழிப்பதில்லை. வெப்பம் வெளியேறக் கடைசியாக உள்ள வழி கைபேசியின் மேற்பரப்பும் அதைத் தொட்டிருக்கும் காற்றும் மட்டுமே.

சூடான பொருளிலிருந்து காற்றுக்குச் செல்லும் வெப்பத்தின் அளவு, அவ்விரண்டின் வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்பது நியூட்டனின் குளிர்தல் விதி. கையில் பிடிக்கத் தக்கதாக இருக்க வேண்டுமானால் கைபேசியின் மேற்பரப்பு ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று கொள்வோமானால், காற்று 25 டிகிரியில் இருக்கும் மார்கழிக் காலைப்பொழுதில் அவ்வேறுபாடு 20 டிகிரியாகிறது. வாலாஜாபாத்தில் கத்திரி வெயில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் நாளில் அது 5 டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. மார்கழியில் 4 வாட் வெப்பத்தை எளிதாக வெளியேற்றிய அதே கைபேசி, கத்திரியில் ஏறத்தாழ 1 வாட் அளவையே வெளியேற்ற முடியும் என்பது இதன் பொருள். போன மாதம் வரை நன்றாக ஓடிய கைபேசி இப்போது தடுமாறுகிறதே என்று பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவருவோரில் பலருக்கு உரிய விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. திண்ணையில் இருக்கும் மண்பானை தன் சுவரில் கசியும் நீரை ஆவியாக்கிச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். நீர் புகாதபடி கண்ணாடியும் பசையும் கொண்டு அடைக்கப்பட்ட கைபேசிக்கு அவ்வழி இல்லை.

நேர் வெயில் இக்கணக்கை முற்றிலும் கவிழ்த்துவிடுகிறது. உச்சிப்பொழுதில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. கைபேசியின் முகப்பு அதில் எண்பதில் ஒரு பங்குதான் என்றாலும், அதன்மீது 12 வாட் விழுகிறது என்றாகிறது. கருநிறக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இருசக்கர வண்டியின் கைப்பிடியில் கைபேசியைப் பொருத்தி, வழிகாட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்து ஒரகடம் வரை செல்லும் ஒருவரின் கைபேசி, வெயிலின் வெப்பத்தோடு முழு வெளிச்சத்தில் எரியும் திரை, இடங்காட்டி, இடைவிடாத இணையத் தொடர்பு ஆகிய மூன்றின் வெப்பத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. வண்டி ஓடும்போது வீசும் காற்று ஓரளவு துணைசெய்கிறது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றால் அதுவும் போய்விடும்.

இந்நிலையில் கைபேசி தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்குகிறது. மின்கலத்தின் அருகிலும் சில்லின் அருகிலும் வெப்பத்தடையம் எனப்படும் சிறு உறுப்புகள் பொருத்தப்பட்டுள்ளன; சூடு ஏற ஏற இவற்றின் மின்தடை குறையும் என்பதால், அத்தடையை அளந்தே வெப்பநிலையைக் கைபேசி அறிந்துகொள்கிறது. வரம்பு நெருங்கியதும் சில்லின் வேகம் குறைக்கப்படுகிறது, திரை மங்குகிறது, கேமராவின் ஒளி அணைகிறது, சார்ஜ் ஏறுவது நிற்கிறது. இவை எவையும் போதாதபோது எச்சரிக்கைச் செய்தியோடு கைபேசி செயலை நிறுத்திக்கொள்கிறது. ‘ஹேங் ஆகிறது’ என்று கோடையில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தத் தற்காப்பே.

வாலாஜாபாத்திலிருந்து சிறிது நேரப் பயணத் தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில், 2006 முதல் 2014 வரை நோக்கியாவின் ஆலை இயங்கியது. இன்று ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் பூட்டப்படுகின்றன. ஆப்பிள் நிறுவனம் ஐபோனைப் பயன்படுத்தப் பரிந்துரைக்கும் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. அக்கருவி உருப்பெறும் மாவட்டத்திலேயே மே மாத நண்பகல்கள் அந்த வரம்பைத் தாண்டிச் செல்கின்றன. குறைந்தபட்சம் இந்த எல்லை பெட்டியின் மீது பெரிய எழுத்தில், தமிழில் அச்சிடப்பட வேண்டும். வாங்குபவர் அதை அறிய உரிமை உடையவர்.

வெயிலே காரணம் என்று எப்போதும் கொள்வதும் தவறு. 2023 செப்டம்பரில் ஐபோன் 15 வரிசை வெளியானபோது, அதன் புரோ வகைகள் மிகையாகச் சூடாகின்றன என்ற புகார் உலகெங்கும் எழுந்தது. புதிய டைட்டானியச் சட்டகமே காரணம் என்று பலர் கருதினர். ஐஓஎஸ் 17 இயங்குதளத்தில் இருந்த ஒரு பிழையும், சில செயலிகளின் புதுப்பிப்புகள் சில்லின்மீது ஏற்றிய மிகைச் சுமையுமே காரணங்கள் என்று விளக்கிய ஆப்பிள், அக்டோபர் தொடக்கத்தில் 17.0.3 பதிப்பை வெளியிட்டு அதைச் சீர்செய்தது. கையில் எடுக்காமலே கைபேசி சூடாகிறதென்றால், அமைப்புகளில் பேட்டரிப் பகுதியைத் திறந்து, எந்தச் செயலி மின்சாரத்தை மிகுதியாக உண்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. உத்திரமேரூர்ப் பக்கத்து உட்கிராமங்களில் உள்ளதுபோலக் கோபுரம் தொலைவில் இருக்கும் இடங்களில், தொடர்பு அறாமல் இருக்கக் கைபேசி தன் அலைபரப்பும் திறனைக் கூட்டிக்கொள்வதும் சூட்டுக்கு ஒரு காரணமாகும்.

சார்ஜ் ஏறும் நேரம் தனிக் கவனத்துக்குரியது. கம்பியிலும் மின்கலத்தின் உள்தடையிலும் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. விரைவு சார்ஜின்போது முதுகுப்புறம் கொதிப்பது இதனால்தான். லித்தியம் அயனி மின்கலத்தில், அயனிகள் கிராஃபைட்டுக்கும் உலோக ஆக்சைடுக்கும் இடையே போய்வரும்போது சில பக்கவினைகளும் நடந்து மின்கலத்தை மெல்லத் தேய்க்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் தோராயமாக இரு மடங்காகும் என்பது வேதியியலில் வழங்கும் நடைமுறை விதி. முழுச் சார்ஜில் இருக்கும் மின்கலம் சூட்டில் இன்னும் விரைவாகத் தேயும். சிமென்ட் ஓடு வேய்ந்த வீட்டில், தலையணைக்கு அடியில் இரவு முழுவதும் சார்ஜில் கிடக்கும் கைபேசிக்கு இந்தக் கேடுகள் அனைத்தும் ஒருங்கே வாய்க்கின்றன. மின்கலத்தின் இரு முனைகளையும் பிரிக்கும் பாலிஎத்திலீன் படலம் ஏறத்தாழ 130 டிகிரியில் உருகும். வெயில் மட்டும் கைபேசியை அந்த அளவுக்குக் கொண்டுசெல்லாது. ஆனால் உள்ளே குறைபாடு இருந்தால் சூடு தன்னையே வளர்த்துக்கொண்டு தீயாகலாம். 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைபேசிகள் திரும்பப் பெறப்பட்டதும், இந்திய விமானங்களில் அவற்றைப் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டதும் மின்கலக் குறைபாட்டால் நேர்ந்தவை.

சூடான கைபேசியைக் குளிர்விக்கும் முறை எளியது: சார்ஜரைக் கழற்றி, செயலிகளை மூடி, வெப்பத்தை உள்ளேயே தேக்கும் பின்னுறையை நீக்கி, நிழலில் மின்விசிறியின் கீழ் வைக்க வேண்டும். அசையும் காற்று, தேங்கிய காற்றைவிட இரண்டு மூன்று மடங்கு வெப்பத்தை அள்ளிச் செல்லும். நிழலில் குளிர்ந்து கிடக்கும் கடப்பைக்கல் தரையும் நல்ல இடம். ஈரமில்லாதிருந்தால் போதும். மெத்தையும் தலையணையும் கூடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும். கடலிலிருந்து ஈரக்காற்று வரும் இந்தப் பகுதியில், குளிர்ந்த கைபேசியை வெளியே எடுத்தவுடன் அதன் வெளிப்புறத்தில் நீர் பூக்கும். உள்ளே நீர் பூத்தால் மின்சுற்றுகள் அரிக்கப்படும்.

முதுகு மூடி மேலெழும்பி, திரை ஓரம் பிரிந்து, பேட்டரி உப்பியிருந்தால் குளிர்விக்கும் முறைகளுக்கு இடமில்லை. உள்ளே வாயு உருவாகிவிட்டது என்பதே அதன் பொருள் என்பதால், மீண்டும் சார்ஜ் போடுவதோ, அமுக்கித் தட்டையாக்குவதோ, ஊசியால் குத்துவதோ தீயை வரவழைக்கும். கைபேசியை அணைத்து, துணி, காகிதம் முதலிய எரியும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, பயிற்சி பெற்ற பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய மின்கலத்தைக் குப்பையில் போடாமல் சேகரிப்போரிடம் தர வேண்டும்; 2022இல் நடைமுறைக்கு வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், அவற்றைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன.