ஜீப் வண்டியின் கோணற் சுக்கானை நேராக்குதல்

வயலுக்குப் பசளையும் விதைநெல்லும் கொண்டு செல்வதற்கும், விளைந்த மிளகாய், வெங்காயம், மரக்கறி முதலியவற்றைச் சந்தைக்கு ஏற்றுவதற்கும் கமக்காரர் பலர் ஜீப் வண்டிகளைப் பயன்படுத்துகின்றனர். வண்டிற்பாதையிலும் குளக்கட்டிலும் ஓடும் இவ்வண்டிகளில் அடிக்கடி காணப்படும் குறை ஒன்றுண்டு. வண்டி நேரே செல்லும்பொழுதும் சுக்கான் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதே அதுவாகும். பார்வைக்கு இது சிறு குறையே. ஆயினும், இதனைத் தவறான முறையில் திருத்துவதால் வண்டி ஓட்டுபவரின் கைக்கு அடங்காது போகக்கூடும்.

சுக்கானின் அமைப்பு

சுக்கானைத் திருப்பும்பொழுது அதன் தண்டு சுக்கான் பெட்டியினுள் உள்ள உறுப்புக்களை இயக்குகின்றது. பெட்டியின் கை அசைந்து, இழுகோல் என்னும் இரும்புக் கோலைத் தள்ளுகின்றது, அல்லது இழுக்கின்றது. இழுகோல் ஒரு முன்சில்லைத் திருப்ப, குறுக்குக் கோல் மற்றச் சில்லையும் உடன் திருப்புகின்றது. கோல்களின் முனைகளில் பந்து மூட்டுக்கள் உள. மெக்கானிக்குகள் இவற்றை ‘போல் ஜொயின்ற்’ என்பர்.

குறுக்குக் கோலின் நீளம் இரு முன்சில்லுகளுக்கும் இடையேயுள்ள ஒழுங்கை நிருணயிக்கின்றது. இழுகோலின் நீளமோ சுக்கான் நேராக நிற்பதை நிருணயிக்கின்றது. இவ்விரண்டின் வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

தவறான முறை

சிலர் சுக்கானின் நடு நட்டைக் கழற்றி, சுக்கானை மட்டும் தூக்கி, நேராகத் தோன்றுமாறு மீண்டும் பொருத்துவர். வேலை எளிது; ஆனால் குறை மறைக்கப்படுகின்றதேயன்றி நீங்குவதில்லை.

சுக்கான் பெட்டியினுள் உள்ள உறுப்புக்கள் நடு நிலையில் மிக நெருங்கிப் பொருந்துமாறும், இரு பக்கமும் செல்லச் செல்லச் சற்றுத் தளர்ந்திருக்குமாறும் அமைக்கப்பட்டுள்ளன. வண்டி நேரே ஓடும்பொழுது பெட்டி நடு நிலையில் இல்லாவிடின், தளர்ந்த இடத்திலேயே அது வேலை செய்யும். அப்பொழுது வண்டி அலையும். பாரம் ஏற்றிய வண்டி ஒடுங்கிய குளக்கட்டின்மீது அலையுமாயின் விளையக்கூடிய கேட்டைக் கூறவேண்டியதில்லை. மேலும், ஒரு பக்கம் முற்றாகத் திருப்பும்பொழுது, அச்சிலுள்ள தடுப்பைச் சில்லு தொடுமுன் பெட்டி தன் எல்லையை அடைந்து சேதமடையவுங் கூடும்.

முதலிற் பார்க்கவேண்டியவை

சுக்கான் தானாகக் கோணுவதில்லை. வரம்பிலோ மரக்கட்டையிலோ மோதிக் கோல் வளைந்திருக்கலாம். பந்து மூட்டுத் தேய்ந்திருக்கலாம். கோலின் கிளாம்பு தளர்ந்திருக்கலாம். பாரத்திற்காக வில் தகடுகளைக் கூட்டி வண்டியை உயர்த்தினாலும் இழுகோலின் சரிவு மாறிச் சுக்கான் சாயும். வளைந்த கோலையும் தேய்ந்த மூட்டையும் மாற்றிய பின்னரே மேற்கொண்டு வேலை தொடங்கல் வேண்டும். வளைந்த கோலைச் சூடாக்கி நிமிர்த்துதல் ஆகாது. முன் டயர்கள் இரண்டிலும் காற்று ஒரே அளவாயிருத்தலும் அவசியம்.

அடுத்து முன்சில்லுகளின் ஒழுங்கை அளத்தல் வேண்டும். இரு டயர்களின் பின்புறத்திலும் அச்சின் உயரத்தில், நடுவே சோக்கால் அடையாளமிட்டு, இடைத்தூரத்தை அளக்க. பின் அவ்வடையாளங்கள் முன்புறத்தில் அதே உயரத்திற்கு வரும்வரை வண்டியை முன்னே தள்ளி, மீண்டும் அளக்க. 1958 இல் வெளிவந்த இரண்டாம் வரிசை லாண்ட் ரோவரிலும், 1971 இல் வெளிவந்த மூன்றாம் வரிசையிலும் முன் அளவு பின் அளவிலும் 1.2 முதல் 2.4 மில்லிமீற்றர் வரை குறைந்திருத்தல் வேண்டும். நான்கு சில்லுகளும் எப்பொழுதும் இயங்கும் பிற்கால லாண்ட் ரோவர்களில் முன்புறம் சற்று விரிந்திருக்கும். ஆகவே, தத்தம் வண்டியின் கைந்நூலிற் கூறிய அளவையே கொள்க. அளவு பிழைத்திருப்பின் குறுக்குக் கோலிலே திருத்துக.

நேராக்கும் முறை

1. சமநிலத்தில் வண்டியை மெதுவாக நேரே ஓட்டி, சுக்கானை அசைக்காது நிறுத்துக. எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க.

2. பெட்டியின் கையிலிருந்து இழுகோலைக் கழற்றுக. மூட்டின் திருகு முனையில் சுத்தியலால் அடித்தல் கூடாது. மூட்டுக் கழற்றும் கருவியைப் பயன்படுத்துக.

3. சுக்கானை ஒரு பக்க எல்லைவரை மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து மற்ற எல்லைவரை எத்தனை சுற்று என எண்ணுக. அதன் பாதியே நடு நிலையாகும். மூன்றரைச் சுற்றாயின் ஒன்றேமுக்காற் சுற்றில் நிறுத்துக.

4. நடு நிலையிலும் சுக்கான் கோணலாக நின்றால், முன்பு எவரோ அதனைத் தவறாகப் பொருத்தியுள்ளார் என அறிக. அப்பொழுது மாத்திரமே சுக்கானைக் கழற்றி நேராக வைத்தல் தகும்.

5. இழுகோலின் கிளாம்புகளைத் தளர்த்தி, மூட்டு பெட்டியின் கையிலுள்ள துளையில் இழுப்பின்றி இறங்கும்வரை கோலின் நீளத்தைச் சரிசெய்க. ஓரிரு மில்லிமீற்றர் மாற்றமே சுக்கானிற் புலப்படும். ஆதலாற் சிறிது சிறிதாகச் செய்க.

6. நட்டையும் கிளாம்புகளையும் நன்கு இறுக்குக. பழைய கவட்டு ஊசியை மீண்டும் இடாது புதியதை இடுக. சுக்கானை இரு பக்கமும் முற்றாகத் திருப்பி, கோலும் கிளாம்பும் எதிலும் முட்டாமையை உறுதிசெய்க.

பழைய வரிசை லாண்ட் ரோவரில் இழுகோல் இரண்டும் அவற்றிடையே ஒரு நடுமூட்டும் உள. அம்மூட்டின் கைகளும் நடு நிலையில் நிற்றல் வேண்டும்.

சோதித்தல்

வீதியின் ஓரம் நீர் வடிதற்பொருட்டுச் சரிந்திருக்கும். இலங்கையில் வண்டிகள் இடப்பக்கமாகச் செல்வதால் அச்சரிவு வண்டியை இடப்பக்கம் இழுக்கும். ஓட்டுபவர் சுக்கானைச் சற்று வலப்பக்கம் பிடிப்பார். இதனைக் குறையென்று எண்ணி மீண்டும் கோலைத் திருப்புதல் கூடாது. சமமான இடத்திலேயே சோதிக்க.

விலக்குகள்

சுக்கானுள் காற்றுப்பை பொருத்தப்பட்ட புதிய வண்டிகளில் இவ்வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுதல் வேண்டும். எண்ணெய் அழுக்கத்தால் மட்டும் திருப்பப்படும் உழவு இயந்திரங்களிலோ சுக்கானுக்கும் சில்லுக்கும் இடையே கோற்றொடர்பு இல்லை. அவற்றிற் சுக்கானின் நிலை நாளடைவில் மாறுதல் இயல்பு. அதற்காகக் கோல்களைத் தொடுதல் ஆகாது.

போகத்திற் பாரம் ஏற்றத் தொடங்குமுன், கோல்களையும் மூட்டுக்களையும் கிளாம்புகளையும் ஒருமுறை பார்வையிடுதல் நன்று. நேராகத் தோன்றும் சுக்கான் போதாது; பெட்டியும் கோலும் சில்லும் ஒன்றுக்கொன்று இசைந்து நேராக நிற்றல் வேண்டும்.