பழைய பிக்கப் வண்டியின் ஷாப்ட் கிராஸ்

நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்கப்பில் மரவள்ளிக்கிழங்கைச் சவ்வரிசி ஆலைக்கு ஏற்றிச் செல்லும் சேலம், நாமக்கல் ஜில்லாக் குடியானவர்கள், கியர் போட்டதும் ‘டக்’ என்னும் ஒலியோ, வேகத்தில் அதிர்வோ கண்டால், ஷாப்டின் கிராஸைச் சோதித்தல் வேண்டும். ஓட்டத்தில் அது முறிந்தால் ஷாப்ட் தரையில் குத்தி வண்டி கவிழவும் கூடும்.

சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஷாப்டைக் கையால் முறுக்குக. கிராஸில் ஆட்டமிருப்பின் தாமதியாது மாற்றுக. கழற்றுமுன் ஷாப்டின் இரு துண்டுகளிலும் நேர்க்கோடு இடுதல் மிக அவசியம். சாய்வில் சுழலும் ஒரு கிராஸ் சுற்றுக்கு இருமுறை வேகத்தை ஏற்றி இறக்கும். மறுமுனைக் கிராஸ் அதனைச் சரிசெய்யும். கோடு தவறினால் புதியதும் விரைவில் கெடும்.

லாக்கை நீக்கி, வைஸில் அழுத்திக் கப்புகளை வெளியேற்றுக. புதியதில் ஊசி பேரிங்குகள் சாயாதபடி கிரீஸ் தடவிப் பொருத்துக. நான்கு முனையிலும் கசியுமட்டும் கிரீஸ் செலுத்துக. சேற்றில் இறங்கியபின் தவறாது கிரீஸ் இடுவோர்க்குக் கிராஸ் நெடுங்காலம் உழைக்கும்.