லைசென்ஸ் சீக்கிரம் கிடைச்சா அணுமின் ஷேர் பறக்குமா?

"அமெரிக்காவுல அணு உலை லைசென்ஸ் விசாரணையைச் சுருக்கறாங்க, இப்பவே ஷேர் வாங்குங்க"ன்னு சொல்ற வீடியோ உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். எஸ்ஐபியை நிறுத்திட்டு அதுல பணம் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

அங்கே லைசென்ஸ் தர்றது என்ஆர்சிங்கற ஒழுங்குமுறை ஆணையம். பக்கத்துல குடியிருக்கறவங்க தகுந்த காரணத்தோட ஆட்சேபிச்சா விசாரணை நடக்கும். யாருமே ஆட்சேபிக்கலைன்னாலும் கட்டுமான அனுமதிக்கு ஒரு கட்டாய விசாரணை உண்டு. 2025 மே மாசம் வந்த அதிபர் உத்தரவு, புது உலைகளுக்கு 18 மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும், விசாரணை முறையையும் சுருக்கணும்னு சொல்லுது.

தாமதம்னா காசுதான், அதுல சந்தேகமே இல்லை. வீடு கைக்கு வராம ப்ரீ-இஎம்ஐ கட்டறவங்களுக்கு இது நல்லாவே புரியும். முன்னாடி அங்கே கட்ட ஒரு அனுமதி, கட்டி முடிச்ச பிறகு ஓட்ட இன்னொரு லைசென்ஸ். நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட்ல ஷோர்ஹாம்னு ஒரு உலை. செலவு ஏறக்குறைய 600 கோடி டாலர். விபத்து நடந்தா மக்கள் எப்படி வெளியேறுவாங்கங்கற கேள்வியிலயே வருஷக்கணக்கா இழுத்துச்சு. 1989-ல முழு லைசென்ஸ் கிடைச்சும், வணிக ரீதியா ஒருநாள்கூட ஓடாம மூடிட்டாங்க. அரசு அமைப்பு அதை வாங்கின விலை 1 டாலர்! கடனை அந்த ஊர்க்காரங்க கரண்ட் பில்லுலயே கட்டினாங்க. ஆனா அந்தத் தீவுல இருக்கறவங்க அப்படிக் கேட்டது வெட்டிக் கேள்வின்னு என்னால சொல்ல முடியலை.

அதே 1989-ல விதியை மாத்தினாங்க. கட்டவும் ஓட்டவும் ஒரே லைசென்ஸ், முக்கியமான விசாரணை எல்லாம் கட்டறதுக்கு முன்னாடியே. இதைவிடப் பெரிய சுருக்கம் என்ன வேணும்? அந்த வழியில வந்ததுதான் ஜார்ஜியாவோட வோக்டில் 3, 4. 2008-ல விண்ணப்பம், 2012 பிப்ரவரியில லைசென்ஸ். உலைகள் ஓட ஆரம்பிச்சது 2023 ஜூலையிலும் 2024 ஏப்ரலிலும். சுமார் 1,400 கோடி டாலர்னு போட்ட பட்ஜெட் 3,000 கோடியைத் தாண்டிடுச்சு. நடுவுல, 2017-ல, உலையை வடிவமைச்ச வெஸ்டிங்ஹவுஸ் திவால் மனு போட்டது.

லைசென்ஸுக்கு 4 வருஷம், அதுக்கப்புறம் 11, 12 வருஷம். பெரிய பணம் போனது எங்கேன்னு நீங்களே பாருங்க.

அதனால அந்த ஷேர் மேல ஆசை வந்தா, கம்பெனியோட ஆண்டறிக்கையைத் திறந்து ரெண்டு விஷயம் தேடுங்க: இதே டிசைன்ல ஏற்கெனவே ஒரு உலையாவது கட்டி முடிச்சிருக்காங்களா? செலவு எகிறினா அதை ஏத்துக்கறது யாரு? வோக்டில்ல வாடிக்கையாளர்கள் 2011-லிருந்தே பில்லுல கட்டினாங்க; ஜார்ஜியா பவரும் 2018-ல 110 கோடி டாலரை நஷ்டமா எழுதிச்சு.