மலை இல்லை, ஏரி உண்டு!

புதுவை அருகே ஒரு நாள் உல்லாசப் பயணம்

விடுமுறை வந்துவிட்டால், "கொடைக்கானல் போகலாமா, ஊட்டி போகலாமா?" என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். குளிர்ந்த காற்று வேண்டும், ஏரி வேண்டும், படகில் ஏற வேண்டும். பிள்ளைகளின் ஆசை இதுதான். ஆனால் பஸ் செலவு, அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு என்று கணக்குப் போட்டதும் அப்பாவின் முகம் மாறிவிடும்.

கவலை வேண்டாம்! புதுவைக்கு மேற்கே சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் தூரத்திலேயே கடல் போன்ற ஓர் ஏரி இருக்கிறது. அதன் பெயர் ஊசுட்டேரி. தெற்கே போனால் பாகூர் ஏரி. காலையில் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டால் மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

எவ்வளவு பெரியது?

ஊசுட்டேரி வில்லியனூர் கொம்யூனில் பத்துக்கண்ணு பக்கம் இருக்கிறது. இதன் பரப்பு சுமார் 800 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 2,000. ஒரு கரையில் நின்று பார்த்தால் மறு கரை கோடு போலத்தான் தெரியும்.

இந்த ஏரிக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஏறக்குறைய ஒரு பாதி புதுவையைச் சேர்ந்தது. மறு பாதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தண்ணீருக்கும் பறவைக்கும் இந்த எல்லை தெரியுமா?

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கொடைக்கானல் ஏரியை 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை அமைத்தார். அது மலை மேல், அழகுக்காக ஏற்பட்ட ஏரி. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் அப்படி அல்ல. நெல் விளைய வேண்டும் என்று வெட்டியவை.

ஆனாலும் மலைக்கும் இவற்றுக்கும் உறவு உண்டு. சங்கராபரணி ஆறு செஞ்சி மலைப் பக்கத்திலிருந்து வருகிறது. வழியில் வீடூர் அணை இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்தால், சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகத் தண்ணீர் ஊசுட்டேரிக்கு வந்து சேரும்.

பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தருவது தென்பெண்ணை. அது கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கிறது. சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூருக்கு வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தாசிகள் தங்கள் செல்வத்தைக் கொடுத்து இந்த வாய்க்காலை வெட்டுவித்தார்கள் என்று ஊரில் ஒரு கதை வழங்குகிறது.

புதுவைப் பகுதியில் மொத்தம் 84 ஏரிகள் உண்டு. அவற்றில் பெரியது ஊசுட்டேரி. அடுத்தது பாகூர் ஏரி.

சிறகடிக்கும் விருந்தாளிகள்

ஏரியைப் பார்க்க ஏற்ற காலம் கார்த்திகை முதல் மாசி வரை. மழை பெய்து ஏரி நிறைந்திருக்கும். அப்போது வெகு தூரத்திலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். வடக்கே பனி கொட்டும் நாடுகளிலிருந்து ஊசிவால் வாத்துகள் பல ஆயிரம் மைல் பறந்து வருகின்றன. அவற்றுக்குப் பாஸ்போர்ட்டும் இல்லை, டிக்கெட்டும் இல்லை!

நம் நாட்டுப் பறவைகளும் உண்டு. பை போன்ற தாடையுடன் கூழைக்கடா நீந்தும். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்பு நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாக மிதக்கும். பாம்புத்தாரா உடம்பை நீருக்குள் மறைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டும். பார்த்தால் பாம்பு என்றே தோன்றும்.

நத்தைகுத்தி நாரையைப் பிள்ளைகளுக்குக் காட்ட மறக்காதீர்கள். அதன் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். வயலில் நத்தைகளைப் பிடித்துத் தின்னும். பயிருக்குக் கேடு செய்யும் நத்தைகளை இப்படிக் கூலி கேட்காமல் ஒழித்துத் தருகிறது.

ஊசுட்டேரியின் புதுவைப் பகுதியை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டுப் பகுதியும் 2015-ல் சரணாலயம் ஆயிற்று.

என்ன செய்யலாம்?

விடியற்காலையில் போவதே நல்லது. வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். ஏரிக்கரையில் மெதுவாக நடக்கலாம். மதகு எது, கலங்கல் எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மதகு வயலுக்குத் தண்ணீர் விடும் வழி. கலங்கல், ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம்.

சுற்றுலாக் கழகம் ஊசுட்டேரியில் படகுத்துறை அமைத்தது. தண்ணீரின் அளவைப் பொறுத்துத்தான் படகு ஓடும். ஆகையால் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. ஏரியில் இறங்கிக் குளிக்க வேண்டாம். மேலே அமைதியாகத் தோன்றும் தண்ணீரின் கீழே சேறும் பள்ளமும் இருக்கும்.

திரும்பும் வழியில் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலைத் தரிசிக்கலாம். வில்லியனூருக்கு மேற்கே கீழூர் இருக்கிறது. 1954 அக்டோபர் 18-ந் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் சேர வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது.

பாகூருக்குப் போனால் சோழர் காலத்து மூலநாதர் கோயில் இருக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அதற்கு மூன்று கிராமங்களைத் தானம் கொடுத்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. வயிற்றுக்கு நெல், அறிவுக்குக் கல்வி, இரண்டையும் கொடுத்த ஊர் அது!

ஏரிக்கு வந்த ஆபத்து

ஆண்டுக்கு ஆண்டு வண்டல் படிந்து ஏரிகளின் ஆழம் குறைகிறது. ஓரங்களில் ஆக்கிரமிப்பு நடக்கிறது. வரும் வாய்க்கால்களில் ஆகாயத்தாமரை அடைக்கிறது. உல்லாசமாக வந்தவர்கள் பிளாஸ்டிக் பைகளை வீசிவிட்டுப் போகிறார்கள்.

ஏரி தூர்ந்தால் பறவைக்கு மட்டுமா நஷ்டம்? ஏரித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. கடலோரத்தில் நல்ல தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போனால், காலியான இடத்தில் கடலின் உப்பு நீர் புகுந்துவிடும். பிறகு கிணற்று நீர் வாயில் வைக்க முடியாது. உப்பைத் தடுத்து நிறுத்தும் காவற்காரர்களில் ஏரியும் ஒன்று.

வெள்ள காலத்திலும் ஏரி வேண்டும். 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுவையில் ஒரே நாளில் 48 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் பெருகிப் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்தது. அவ்வளவு பெரிய வெள்ளத்தை ஏரி ஒன்றே தடுத்துவிடாது. ஆனால் ஏரி ஆழமாகவும் வாய்க்கால் சுத்தமாகவும் இருந்தால், தாங்கும் அளவு கூடும். கோடையில் அதே தண்ணீர் வயலுக்கும் உதவும்.

புதுவை ஏரிகளைச் சீர்படுத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஒரு திட்டம் 1999-ல் தொடங்கியது. கிராமங்களில் ஏரிச் சங்கங்கள் அமைத்து, விவசாயிகளையே வேலையில் சேர்த்தார்கள். ஆனால் ஒரு தடவை தூர் வாரிவிட்டால் போதாது. வீட்டைத் தினமும் பெருக்குவதுபோல் ஏரியையும் விடாமல் பராமரிக்க வேண்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கும் கடமை உண்டு. சத்தம் போடாதீர்கள். பறவைகள் மீது கல் எறிய வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சோற்றை வாழை இலையிலோ டப்பாவிலோ கொண்டு போங்கள். கொண்டு போன பையில் குப்பையையும் கட்டித் திருப்பிக் கொண்டு வாருங்கள். அடுத்த மார்கழியில் அந்த ஊசிவால் வாத்துகள் மறுபடியும் வர வேண்டும் அல்லவா?