முதல் பேசும் படத்தின் நாயகி

ஸ்ரீரங்கத்தைத் தழுவிச் செல்லும் காவேரி, கிழக்கே ஏறக்குறைய முப்பது மைல் போய்த் திருவையாற்றை அடைகிறது. அவ்வூரில் 1911-ம் வருஷம் பிறந்த ஒரு பிராம்மணச் சிறுமி, நீரோட்டத்திற்கு எதிர்த்திசையில், திருச்சிராப்பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். பால்யத்திலேயே விவாகம் செய்விக்கப்பட்டு, அதுவும் வரதட்சிணைத் தகராறில் முறிந்து, தந்தையையும் இழந்து, தாயாருடன் பிழைப்புத் தேடி வந்தவள் அவள். பின்னாளில் தமிழுலகம் 'சினிமா ராணி' என்று கொண்டாடிய ஸ்ரீமதி டி. பி. ராஜலட்சுமி அவர்தாம்.

அக்காலத்துத் திருச்சியின் நியாயத்தை நேயர்கள் சற்றே கவனிக்க வேண்டும். ஸ்ரீரங்கம் கோயிலில் அத்யயன உத்ஸவத்தின்போது அரையர்கள் பாசுரம் பாடி அபிநயிப்பது பகவத் சேவை. இக்கரையில், ரயில்வே உத்தியோகஸ்தரான ஸ்ரீ எப். ஜி. நடேசய்யர் 1914-ல் ஸ்தாபித்த ரசிக ரஞ்சன சபையில் கனவான்கள் நாடகமாடினார்கள், அது கலைத்தொண்டு. அத்தகைய சபைகளில் பெண் வேஷத்தையும் ஆடவரே தரிப்பது அக்கால வழக்கம். ஆனால் வயிற்றுப்பாட்டுக்காக ஒரு பெண் மேடையேறினாலோ, குலத்துக்கே இழுக்கு! புருஷன் பெண்ணாக நடிக்கலாம், பெண் பெண்ணாக நடிக்கலாகாது என்ற இந்தத் தர்மம் எந்தச் சாஸ்திரத்தில் உள்ளதோ, நாம் அறியோம்.

சங்கரதாஸ் சுவாமிகளின் சிபாரிசின்மேல் சி. எஸ். சாமண்ணாவின் நாடகக் கம்பெனி ராஜலட்சுமியைச் சேர்த்துக் கொண்டது. குரலும் துணிச்சலும் அவரை விரைவில் முன்னணிக்குக் கொணர்ந்தன. நாடகத்தினிடையே, கதைக்குச் சம்பந்தம் உண்டோ இல்லையோ, தேசீய கீதங்களைப் பாடுவது அன்றைய நடிகர்களின் வழக்கம். 1876-ம் வருஷத்திய நாடகச் சட்டம் தலைக்கு மேல் தொங்கியும் அவர்கள் அஞ்சவில்லை, ராஜலட்சுமியும் பாடினார். 1930 ஏப்ரல் 13-ல் இதே திருச்சியிலிருந்து ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டார். யாத்திரையில் சென்ற தொண்டர்களை நாம் நன்றியுடன் எண்ணுகிறோம், எண்ணவும் வேண்டும். பொதுக்கூட்டத்தின் பக்கமே தலைகாட்டாத ஜனங்களின் செவியில், இரவு நாடகத்தின் நடுவே, சுதந்திரம் என்ற சொல்லை ஏற்றிய நடிகைகளை யார் எண்ணினார்கள்?

1931 அக்டோபர் 31-ல் சென்னையில் 'காளிதாஸ்' வெளியாயிற்று. பம்பாய் இம்பீரியல் கம்பெனியார் எச். எம். ரெட்டியைக் கொண்டு தயாரித்த அந்தப் படத்தில் நாயகன் தெலுங்கு பேசினார். ராஜலட்சுமியோ தமிழில் பதிலளித்தார். மூடனொருவனுக்கு வஞ்சகமாக மணம் முடிக்கப்படும் ராஜகுமாரி வித்யாதரியின் பாத்திரம் அவருடையது. தம் சம்மதமின்றித் தாலி கட்டப்பட்ட ஒருவருக்கு அந்த நடிப்புக்கு ஆசிரியர் தேவைப்பட்டிராது. திருவையாற்றில் பிறந்தவர் தியாகராஜ கீர்த்தனைகளைப் பாடியதில் வியப்பில்லை. அவற்றோடு மதுரகவி பாஸ்கரதாஸின் ராட்டைப் பாட்டையும் பாடினார். புராணக் கதையில் காந்தியின் ராட்டை எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தானே வந்தார்கள்!

'வள்ளித் திருமணம்' படத்தில் உடன் நடித்த டி. வி. சுந்தரத்தைப் பின்னர் மணந்தார். இம்முறை துணையைத் தேடியவர் அவரே. 1936-ல், தாம் எழுதிய நாவலையே 'மிஸ் கமலா' என்ற படமாக்கினார்; கதை, தயாரிப்பு, டைரக்ஷன், நடிப்பு யாவும் தாமே. தமிழ்ப் படத்தை டைரக்ட் செய்த முதல் ஸ்திரீ அவர்.

புனாவில் தேசீயத் திரைப்படக் காப்பகம் 1964-ல் ஏற்பட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் ராஜலட்சுமி காலமானார். காப்பகத்துக்கு அளிக்க 'காளிதாஸ்' படத்தின் ஒரு பிரதியேனும் மிஞ்சவில்லை. 'மிஸ் கமலா'வின் கதியும் அதுவே.

திருச்சி, ஸ்ரீரங்கம் வாசிகளின் பரண்களில் பழைய நாடக நோட்டீசுகளும் பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றை எடைக்குப் போடுமுன், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேட்கும்படி நேயர்களை வேண்டிக் கொள்கிறோம்.